சிறு ஆஸ்பத்திரியின் அவசர ட்ரொலி: எதை வைப்பது, எதை விடுவது?

தீவகத்தாதி
வணக்கம். தீவிலை இருக்கிற எங்கடை ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவிலை ஒரு வைத்தியர், ஒரு தாதி, ஒரு மருந்தாளர். அவசரத்துக்கு ஒரு பழைய தட்டும் ஒரு ஒட்சிசன் சிலிண்டரும்தான் இருந்தது. இப்ப நாலு லாச்சி ட்ரொலி ஒண்டு கிடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பாத்தால் பாதிச் சாமானைப் பாவிக்கிறதுக்கே இஞ்சை ஆள் இல்லை. நோயாளியை அனுப்பிறதெண்டால் முதலிலை படகு, பிறகு கரையிலை 1990 இலக்கத்துக்கு அடிச்சுக் கூப்பிடுற அம்புலன்ஸ். அதுமட்டும் தாக்குப்பிடிக்க எது கட்டாயம் வேணும்?

ஈரீயு_தாதி
ஒருத்தரும் மூச்சுக்குழாய்க்குள்ளை குழாய் போடமாட்டினம் எண்டால், அதுக்குத் தொண்டையைப் பாக்கிற லாரிங்கோஸ்கோப்பை விடுங்கோ. கிடந்து பற்றரி கசிஞ்சு கைபிடி பழுதாகும், அவ்வளவுதான். அந்த இடத்திலை குடெல் ஏயர்வே (நாக்கு பின்னாலை விழாமல் வாய்க்குள்ளை வைக்கிற வளைஞ்ச குழாய்) எல்லா அளவிலும் வையுங்கோ. வாய் மூலையிலிருந்து தாடைக் கோணம் வரை பிடிச்சுப் பாத்தால் அளவு தெரியும்.

மேல் லாச்சி முழுக்க மூச்சுக்கு: ஏயர்வே, பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒவ்வொரு அம்பு பேக் (கையாலை அமத்தி மூச்சுக் குடுக்கிற பை), மாஸ்க் அளவுகள், காலால் மிதிக்கிற சக்ஷன் (சளி, வாந்தி உறிஞ்சி). கரண்ட் போனாலும் மிதிசக்ஷன் வேலை செய்யும். அம்பு பேக்கைக் கழுவிப் பூட்டேக்கைதான் பிழை வாறது. உள்ளுக்குள்ளை இருக்கிற மெல்லிய வால்வு மாறிப் பூட்டுப்படும், இல்லாட்டித் தொலைஞ்சுபோகும். பிறகு பையை எவ்வளவு அமத்தினாலும் நெஞ்சு எழும்பாது. கழுவின ஒவ்வொரு முறையும் நோயாளிப் பக்க வாயை உள்ளங்கையாலை அடைச்சு அமத்திப் பாருங்கோ. பை விறைப்பாய் நிக்க வேணும், விட்டவுடன் நிரம்ப வேணும்.

இரண்டாவது லாச்சியிலை, ஒவ்வாமை அதிர்ச்சிக்குப் போடுற அட்ரினலினைத் தனிப் பொதியாய் வையுங்கோ: 1:1000 அம்பியூல், 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச், 23 கேஜ் ஊசி, அளவு எழுதின அட்டை. பெரியவருக்கு 0.5 மி.லீ, 6 முதல் 12 வயசுக்கு 0.3, 6க்குக் கீழே 0.15. தொடையின் வெளிப்பக்க நடுவிலை, தசைக்குள்ளை. குறையாட்டில் 5 நிமிசத்திலை திரும்பவும். குளோர்பெனிரமினும் (ஒவ்வாமை மருந்து) ஹைட்ரோகோர்டிசோனும் (ஸ்ரீரொயிட்) போட்டுட்டு அட்ரினலினுக்கு யோசிக்கிற பழக்கம் இன்னும் போகேல்லை. முதல் ஊசி அட்ரினலின்தான்.

காற்றுக்கணக்கு
சிலிண்டரை "நிறைய இருக்கு" எண்டு எழுதாதேங்கோ, நிமிசக் கணக்கிலை எழுதுங்கோ. சிலிண்டரின் கொள்ளளவை (லீற்றர்) அழுத்தத்தாலை (பார்) பெருக்கினால் உள்ளை இருக்கிற ஒட்சிசன் லீற்றர். 10 லீற்றர் சிலிண்டர் 120 பாரிலை நிண்டால் 1200 லீற்றர். நிமிசத்துக்கு 10 லீற்றர் எண்டு விட்டால் 2 மணித்தியாலம், 15 எண்டால் 80 நிமிசம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கடல், அதோடை படகுக்குக் காத்திருக்கிற நேரம். 80 நிமிசம் காணாது. மானி பிஎஸ்ஐ காட்டினால் 14.5 ஆலை வகுங்கோ.

பை வைச்ச மாஸ்க்குக்கு 10க்குக் குறைச்சால் பை சப்பிப்போகும். இரத்த ஒட்சிசன் செறிவு 94%க்கு மேலை நிலைச்சிட்டால் சாதாரண மாஸ்க்குக்கு மாத்தி, சிலிண்டரை மிச்சம்பிடியுங்கோ.

இன்னொண்டு, சிலிண்டர் திறப்பு. அதைச் சங்கிலியிலை சிலிண்டரோடையே கட்டுங்கோ. அலுமாரியிலை பூட்டி வைச்ச திறப்பு இரவிலை ஒருத்தருக்கும் உதவாது. றெகுலேற்றர் இறுகினால் எண்ணெய் போடவே கூடாது, தீப்பிடிக்கும்.

மருந்துலாச்சி
மருந்தாளர் பக்கத்திலிருந்து. ட்ரொலியைப் பிளாஸ்ரர் ஒட்டித் திகதியும் கையெழுத்தும் போட்டு மூடுங்கோ. ஒட்டு அப்படியே இருந்தால் ஒவ்வொரு நாளும் லாச்சி திறந்து எண்ணத் தேவையில்லை. சிலிண்டர் அழுத்தமும் சக்ஷனும் பாத்தால் காணும். மாசத்துக்கு ஒருக்கால் முழுக்கத் திறவுங்கோ. மூடியிலை, முதலிலை காலாவதியாகிற மருந்தின் பேரும் திகதியும் பெரிசாய் எழுதியிருக்க வேணும். சல்பியூற்றமோல், சேலைன் மாதிரிச் சாமான் காலாவதியாக மூண்டு மாசம் இருக்கேக்கை வெளிநோயாளர் பக்கம் போகட்டும். அட்ரினலின் அங்கை ஓடாது. அதை முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தக் கேளுங்கோ.

தகரக்கூரையும் மேற்குப் பக்க யன்னலும் மருந்துக்கு எதிரி. நிறம் மாறின அட்ரினலினை எறியுங்கோ. நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழ் வைக்கிற ஜிரீஎன் (கிளிசரில் ட்ரைநைட்ரேற்) குளிசையைக் கண்ணாடிப் போத்திலை விட்டு மாத்தினால் வீரியம் போயிடும். திறந்து 8 கிழமைதான். இரத்தத்திலை சீனி குறைஞ்சால் குடுக்கிற 50% டெக்ஸ்ரோஸ் (குளுக்கோஸ்) 10 மி.லீக்கு 40 மி.லீ ஊசித் தண்ணி சேத்தால் 10% கரைசல். பிள்ளைக்கு ஒரு கிலோவுக்கு 2 மி.லீ.

தீவகத்தாதி
நன்றி. பாம்புக்கடி மருந்து வைக்கலாமோ? இஞ்சை விரியன் கடிதான் கூட.

ஈரீயு_தாதி
என்ரை எண்ணம், வைத்தியர் இரவிலும் நிப்பார் எண்டால் மட்டும். தொடக்க அளவே குறைஞ்சது 10 குப்பி. ஒவ்வொண்டையும் 10 மி.லீ தண்ணியிலை குலுக்காமல் சுழட்டிக் கரைக்க வேணும், குலுக்கினால் நுரைச்சுப்போகும். அது ஒரு ஆளின் வேலையில்லை. ஒவ்வாமை அடிக்கடி வாறதாலை முதலிலை அட்ரினலின் 0.25 மி.லீ தோலுக்குக் கீழே போடுவினம்.

மருந்து இல்லாட்டிலும், விசத்தாலை இரத்தம் உறையாமல் போயிருக்கோ எண்டு பாக்கிற 20 நிமிச உறைவுச் சோதனையைச் செய்து அனுப்புங்கோ. 2 மி.லீ இரத்தம், புதிசான காஞ்ச கண்ணாடி ரியூப், அசைக்காமல் 20 நிமிசம், பிறகு ஒருக்கால் சரிச்சுப் பாருங்கோ. பிளாஸ்ரிக் ரியூப்பும் சவர்க்காரத்திலை கழுவின ரியூப்பும் நல்ல இரத்தத்தையும் உறையாததாய்க் காட்டும். படகு வந்திட்டால் சோதனை முடியுமட்டும் நிக்காதேங்கோ. இரத்தம் எடுத்த நேரத்தைத் துண்டிலை எழுதி விடுங்கோ.