பழைய ஸ்னோமொபைல்: சோக் இல்லாமல் ஓட மாட்டேன் என்கிறது, ஆக்சிலேட்டரை அழுத்தினால் நின்றுவிடுகிறது

பனிவண்டி:
வணக்கம். 90களின் நடுவில் வந்த ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஒன்றைக் கைமாற்றி வாங்கியிருக்கிறேன். 2-ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஃபேன் கூலிங், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு மிக்குனி கார்புரேட்டர், ஆயில் பம்ப் தனி. வாங்கும்போதே டேங்கில் பாதிக்குப் பழைய பெட்ரோல் கிடந்தது, அதை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றிவிட்டேன்.

சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யப் பெட்ரோலைக் கூட்டித் தருவது) போட்டால் சுலபமாக ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. பாதி சோக்கில் ஓடும், ஆனால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் முக்கிக்கொண்டு நின்றுவிடும். மெதுவாகக் கொடுத்தால் ஏறுகிறது. அப்புறம் இன்னொன்று: நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலேட்டரை விட்டாலும் சில சமயம் ஆர்.பி.எம் இறங்காமல் மேலேயே நிற்கிறது.

கம்ப்ரெஷன் 125, 120 பி.எஸ்.ஐ. இடது ஸ்பார்க் பிளக் நல்ல பழுப்பு, வலது பிளக் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. எல்லாவற்றையும் நானே செய்து பழக ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஜெட்_மாத்து:
லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடுகிறது, வேறொன்றுமில்லை. குளிரில் காற்று அடர்த்தி அதிகம், பெட்ரோலும் அதிகம் வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகுதான் ஜெட், அதில் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள், சரியாகிவிடும்.

கிரீஸ்கை:
மன்னிக்கணும், இதை ஒத்துக்கொள்ள முடியாது. குளிருக்கு ஜெட் மாற்றுவது உண்மைதான், அதற்கென்றே மேனுவலில் வெப்பநிலை, உயரம் இரண்டையும் வைத்து அட்டவணை இருக்கும். ஆனால் மெயின் ஜெட் வேலை செய்வதே முக்கால் ஆக்சிலேட்டருக்கு மேலேதான். இவர் சொல்லும் கோளாறு ஐடிலிங்கிலும் கால் ஆக்சிலேட்டருக்குள்ளும் இருக்கிறது, அது பைலட் ஜெட்டின் இடம். தவிர, பிளக் வெளுப்பது லீனுக்கு அடையாளம், ஜெட்தான் சின்னது என்றால் இரண்டு பிளக்கும் வெளுத்திருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறது, ஆகவே கோளாறும் அந்தப் பக்கத்தில்தான்.

நண்பரே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: காரணம் தெரியும்வரை இந்த வண்டியை ஓட்டாதீர்கள். 2-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் ஆயில் போவதே உள்ளே வரும் பெட்ரோல்-காற்றுக் கலவையோடுதான், ஆயிலைத் தனிப் பம்ப் தந்தாலும் சரி. அந்தக் கலவையில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்), இல்லை தலையில் ஓட்டை விழும். உங்கள் கம்ப்ரெஷன் இன்னும் நன்றாக இருக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்தான். (ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்துத்தானே பார்த்தீர்கள்?) அதாவது எஞ்சின் இன்னும் கெடவில்லை. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வலது பக்கக் கார்புரேட்டரைக் கழற்றுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்தால் முதலில் அடைவது பைலட் ஜெட். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் லேசாக மஞ்சள் பிசின் இருந்தால்கூட அது அடைப்புதான். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள், இரும்புக் கம்பி மட்டும் விடாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் அந்த ஜெட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஆனால் ஆர்.பி.எம் இறங்காமல் நிற்கிறது என்கிறீர்களே, அது எனக்கு ஏர் லீக் (எங்கோ வெளிக்காற்று உள்ளே புகுவது) போலத்தான் படுகிறது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட்டைக் கழற்றி, கையால் வளைத்துப் பாருங்கள். வண்டியில் மாட்டியிருக்கும்போது பார்த்தால் வெடிப்பே தெரியாது. கிளாம்ப் உட்காரும் இடத்திலும், ரப்பர் உலோகத் தகட்டோடு ஒட்டியிருக்கும் ஓரத்திலும்தான் முதலில் விரிசல் விடும்.

ரெண்டுஸ்ட்ரோக்:
கிரீஸ்கை அண்ணா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். பூட் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் வளையம்). அதற்குப் பிரஷர் டெஸ்ட்தான் நம்பகமானது. இன்டேக், எக்ஸாஸ்ட், பெட்ரோல் பம்புக்குப் போகும் பல்ஸ் குழாய் (கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பால் பம்பை இயக்குவது) எல்லாவற்றையும் அடைத்துவிட்டு 6 பி.எஸ்.ஐ அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதிகம் ஏற்றினால் நல்ல சீலும் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். எஞ்சின் ஓடும்போது கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள், சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும், வேண்டாம்.

பெட்ரோல் வரும் பாதையை மறக்காதீர்கள். இந்த வயது வண்டியில் குழாய்கள் கல் மாதிரி இறுகியிருக்கும். டேங்கின் உள்ளே ஒரு குழாய் தொங்கும், நுனியில் ஃபில்டர் இருக்கும், வெளியே இருக்கும் குழாயை எல்லாம் மாற்றிவிட்டு அதை விட்டுவிடுவார்கள். அது வெடித்திருந்தால் டேங்க் பாதி காலியானதும் பெட்ரோலோடு காற்றையும் இழுக்கும். பம்ப் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருந்தால் அதற்கு நேர் எதிர், பல்ஸ் குழாய் வழியாகப் பெட்ரோலே கிராங்க் கேஸுக்குள் போய் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கறுப்பாகப் புகையும். உங்கள் பிளக் நிறத்துக்கு அது பொருந்தவில்லை, ஆனாலும் கழற்றியிருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

கராஜுக்குள் ஓட விடும்போது கதவை முழுசாகத் திறந்து வையுங்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. டிராக்கை (பனியில் உருளும் பட்டையை) தூக்கிவைத்துச் சுற்றவிட்டால் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, சிக்கியிருக்கும் ஒரு கல் போதும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ரேஸ் பண்ணவும் கூடாது.

பனிவண்டி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆக்சிலேட்டர் முழுசாகத் திறந்துதான் கம்ப்ரெஷன் பார்த்தேன். வலது பூட்டைக் கழற்றினேன். மேலே பார்த்தால் புதுசு போல இருந்தது. வளைத்ததும் அடிப்பக்கம், கிளாம்ப் பள்ளத்தை ஒட்டி விரல் நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. உள்பக்க ரப்பரும் கொழகொழவென்று ஊதிப்போயிருக்கிறது. இடது பூட் இன்னும் பிளக்கவில்லை, ஆனால் இறுகிவிட்டது, அதனால் இரண்டையும் மாற்றப் போகிறேன். பைலட் ஜெட்டில் பாதி வட்டம்தான் தெரிந்தது, இப்போது சுத்தம். திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கிரீஸ்கை:
நல்ல வேளை, ஓட்டுவதற்கு முன்னாடியே கிடைத்தது. டேங்கின் உள் குழாயையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுசும் மூடி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள், சரியான அளவு மேனுவலில் இருக்கும். இந்தக் கார்புரேட்டரில் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் காற்று கூடும், அதாவது லீன். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கார்புரேட்டருக்குள் மேலே எழும் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் வைத்துக் கேபிளைச் சரிசெய்யுங்கள், ஒன்று தளர்ந்து மற்றது இறுகி இருக்கக் கூடாது. கேபிள் ரொம்பத் தொளதொளவென்று இருந்தாலும் தொல்லை: சில வண்டிகளில் ஸ்லைடு பனியில் உறைந்து ஒட்டிக்கொண்டால் எஞ்சினை நிறுத்த ஒரு சேஃப்டி ஸ்விட்ச் உண்டு, கேபிள் தளர்ந்திருந்தால் அது தவறாகப் புரிந்துகொண்டு ஸ்பார்க்கை வெட்டிவிடும். அப்போதும் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் நிற்கும், நீங்கள் திரும்பவும் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக ஆயில் பம்ப். கார்புரேட்டர் கேபிளைத் தொட்டால் பம்ப் கேபிளும் நகரும். பம்பின் லீவரில் ஒரு கோடு, பம்பின் உடம்பில் ஒரு கோடு இருக்கும், மேனுவல் சொல்லும் நிலையில் இரண்டும் நேராக வர வேண்டும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பம்பின் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி வெளியேற்றுங்கள். அந்த முதல் டேங்குக்கு மட்டும் பெட்ரோலிலும் 50-க்கு 1 ஆயில் கலந்து ஓட்டுங்கள், கொஞ்சம் புகை வரும், பரவாயில்லை. அந்த டேங்க் தீர்வதற்குள் ஆயில் டேங்கில் மட்டம் குறைகிறதா என்று ஒரு குறி போட்டுப் பாருங்கள். குறைந்தால் பம்ப் வேலை செய்கிறது, அதன் பிறகு வெறும் பெட்ரோல் ஊற்றலாம். ஓட்டிவிட்டு வந்து இரண்டு பிளக்கையும் கழற்றிப் படம் போடுங்கள்.