பொருள்: ‘டிக்ளேரிங் கோட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

பெரம்பூர், கையேட்டுக் குழு:
தோழர்களுக்கு வணக்கம். ஆரக்கிள்–கூகுள் வழக்கு (ஆண்ட்ராய்டுக்காக ஜாவா நிரல்மொழியின் சில பகுதிகளைக் கூகுள் எடுத்தது பற்றிய அமெரிக்க வழக்கு) அத்தியாயம் பிழைதிருத்தத்தில் இருக்கிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வகுப்புகளுக்குப் போகப்போகும் கையேடு. வரைவில் ‘டிக்ளேரிங் கோட்’ என்பது ‘அறிவிப்பு நிரல்’, ‘இம்ப்ளிமென்டிங் கோட்’ என்பது ‘செயல்படுத்தும் நிரல்’. இப்படியே விடலாமா?

தண்டையார்பேட்டை:
‘அறிவிப்பு’ வேண்டாம். நிரலாக்கப் பாடத்தில் ‘மாறி அறிவிப்பு’ இருக்கிறது, கைபேசித் திரையில் எட்டிப்பார்க்கும் நோட்டிஃபிகேஷனும் அறிவிப்புதான். அதன் தலையில் மூன்றாவது மூட்டையையும் ஏற்ற வேண்டாம்.

சொல்லைத் தேடுமுன், நீதிமன்றம் எதை எதிலிருந்து பிரித்தது என்று பார்ப்போம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2021 ஏப்ரல் 5 தீர்ப்பில் நீதிபதி பிரேயர் எடுத்துக்கொண்ட உதாரணம் ‘மேக்ஸ்’: இரண்டு எண்களில் பெரியதைத் தருவது. இதில் மூன்று துண்டுகள். செயலி எழுதுபவர் தன் நிரலில் ‘மேக்ஸ்’ என்று கூப்பிடுவது முதல் துண்டு. ‘இந்தப் பெயரில் ஒரு வேலை உண்டு, இரண்டு முழு எண் கொடு, ஒன்று திரும்பும், இருப்பிடம் ஜாவா.லாங் தொகுப்பின் மேத் வகுப்பு’ என்று சொல்வது இரண்டாவது. உள்ளே ஒப்பிட்டு விடை எடுப்பது மூன்றாவது.

கூகுள் 37 தொகுப்புகளுக்கான இரண்டாவது துண்டை, ஏறத்தாழ 11,500 வரிகளை, அப்படியே எடுத்தது. மூன்றாவதைத் தானே எழுதிக்கொண்டது. ஜாவா ஏபிஐயின் (பிற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் இடைமுகம்) மொத்தம் 28.6 லட்சம் வரிகளில் எடுத்தது 0.4 சதவீதம். ஏன் அப்படியே எடுக்க வேண்டும்? பெயரில் ஓர் எழுத்து மாறினாலோ உள்ளீட்டு வகைகளின் வரிசை புரண்டாலோ, ஜாவாக்காரர் கைப்பழக்கத்தில் எழுதும் அழைப்பு கம்பைலரிலேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் கணக்கை எப்படி எழுதினாலும் அவருக்குக் கவலையில்லை.

எனவே ‘அழைநிரல்’ என்றால் அது முதல் துண்டைக் குறித்துவிடும். ‘முகநிரல்’ என்றால் ஃப்ரன்ட்எண்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். என் முன்மொழிவு: சாற்றுநிரல், ஆற்றுநிரல்.

ராயபுரம்:
எதுகை பிரமாதம் ஐயா. ஆனா சாற்றுநிரல்னு பார்த்ததும் கரும்புச் சாறு, ஆற்றுநிரல்னா ஆற்று மணல். பசங்க சிரிச்சே பாடம் போயிடும். ‘அழைவரி’ எப்படி?

தண்டையார்பேட்டை:
‘வரி’யா? எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் சொல்லிப் பாருங்கள், ஜிஎஸ்டி போதாதென்று இது வேறா என்பார்கள். தவிர, ‘மேக்ஸ்’ ஒரே வரியில் முடிந்தாலும் வகுப்புகளைச் சாற்றுவது பல வரிகளில் ஓடும்.

சாறு, ஆறு பற்றிச் சொன்னது சரிதான். பெயரெச்சமாக்கிவிடலாம்: சாற்றும் நிரல், ஆற்றும் நிரல். இரண்டெழுத்து கூடுகிறது, குழப்பம் போகிறது. பறை சாற்றுவதும் பணி ஆற்றுவதும் எல்லோர் காதுக்கும் பழகியவை.

வண்ணாரப்பேட்டை:
சொல் எனக்குச் சம்மதம். ஆனால் லோட்டஸ்–போர்லாண்ட் வழக்குப் பக்கத்துக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே போர்லாண்ட் நிரல் எதையும் நகலெடுக்கவில்லை. லோட்டஸ் 1-2-3 விரிதாளின் 469 கட்டளைகளையும் அவை மெனுவில் அடுக்கப்பட்ட முறையையும்தான் எடுத்தது, பயனர்களின் பழைய மேக்ரோக்கள் (சேமித்து வைத்த கட்டளைத் தொடர்கள்) போர்லாண்டின் குவாட்ரோ விரிதாளிலும் ஓட வேண்டும் என்பதற்காக. 1995இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ‘இயக்கும் முறை’ என்று சொல்லிப் பதிப்புரிமைக்கு வெளியே வைத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் 4–4 என்று பிளந்ததால் அந்தத் தீர்ப்பே நின்றது. அங்கே ‘கட்டளை அடுக்கு’ போதும்.

வரைவில் பெரிய பிழை ஒன்று: ‘ஏபிஐக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2021இல் தீர்ப்பானது’ என்ற வாக்கியம். அப்படித் தீர்ப்பாகவில்லை. பதிப்புரிமை உண்டு என்றே வாதத்துக்காக வைத்துக்கொண்டு, கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு (உரிமையாளர் அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு) என்று 6–2 கணக்கில் முடித்தார்கள். இடைமுகத்துக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அந்தரத்தில்தான் நிற்கிறது. சுதந்திர மென்பொருள்காரர்கள் இதை முழு வெற்றியாகக் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. நியாயமான பயன்பாடு வழக்குக்கு வழக்கு நிறுவ வேண்டியது. இந்த வழக்கே 2010இல் தொடங்கியது. சிறு நிரலாளருக்கு அத்தனை வருடம் வக்கீல் வைக்க முடியுமா?

நம்மூருக்கு வேறு பிரிவு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 52(1)(ab). ஒரு மென்பொருள் இன்னொன்றோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை எடுக்க அது இடம் தருகிறது. கடை பில்லிங் மென்பொருளை மாற்றுகிறது, பழைய கோப்பைப் புதியது படிக்க வேண்டும் என்று வையுங்கள். புதியது தனியாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். பழையதைக் கடை சட்டப்படி வைத்திருக்க வேண்டும். கிராக் செய்த பிரதி என்றால் முதல் படியிலேயே வழுக்கும். தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கக் கூடாது. ஆகவே கோப்பு வடிவ விவரத்தை முதலில் பழைய நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கோப்பை ஆராய்ந்து புலம் புலமாகக் குறிப்பெடுப்பவர் ஒருவர், அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து நிரல் எழுதுபவர் வேறொருவர் என்று பிரித்தால் நகல் என்ற பேச்சுக்கு இடம் குறையும். சட்டம் இப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை, பின்னால் சான்றுக்கு உதவும்.

ராயபுரம்:
அப்போ கோப்பு வடிவம் சாற்றும் நிரலில் சேராதா?

வண்ணாரப்பேட்டை:
சேராது. அது நிரலே இல்லை, தரவு கிடக்கும் ஒழுங்கு.

பெரம்பூர், கையேட்டுக் குழு:
நன்றி. சொல்லடைவில் இப்படிப் போகிறது:
சாற்றும் நிரல்: ஒரு வேலையின் பெயர், உள்ளீடு, வெளியீடு, இருப்பிடம் ஆகியவற்றைச் சொல்லும் பகுதி.
ஆற்றும் நிரல்: அந்த வேலையைச் செய்து முடிக்கும் பகுதி.
2021 வாக்கியம் திருத்தப்படும். 52(1)(ab) தனிப் பெட்டியாக வரும்; அதன் மெய்ப்பை வண்ணாரப்பேட்டைத் தோழரே பார்த்துத் தரவும்.