நீலத்துலேர்ந்து மஞ்சளுக்கு ஃபேட், நடுவுல வெளுத்துப் போகுது

டர்பன்_தம்பி: தீபாவளிக்கு சாட்ஸ்வொர்த் வீட்டு முன்னாடி பிக்சல் லைட் (ஒவ்வொரு பல்புக்கும் தனியா நிறம் குடுக்கலாம்) போடுறேன், எக்ஸ்லைட்ஸ்ங்கிற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல சீக்வென்ஸ். நீலம் மஞ்சளா மாறும்போது நடுவுல அழுக்கு வெள்ளையா வருது. அணைக்கிற ஃபேட்ல பாதி வரைக்கும் வெளிச்சம் குறைஞ்ச மாதிரியே தெரியல, கடைசில டபக்குனு அணையுது. ஸ்க்ரீன்ல பார்த்தா எல்லாம் அழகா இருக்கு!

கோவில்_லைட்காரர்: தம்பி, சிவப்பு, பச்சை, நீலம்னு வரிசையா எழுதினா நீலம் 0,0,255, மஞ்சள் 255,255,0. நேர்கோட்டுல கலந்தா நட்ட நடுவுல மூணுமே 127, அதான் வெள்ளை. நடுவுல ஒரு மெஜந்தாவோ சிவப்போ வச்சு ரெண்டு ஃபேடா உடைச்சிடு. பச்சை வழியாவும் போகலாம், ஆனா எனக்கு அது பிடிக்கல, பல்பு கடை போர்டு மாதிரி இருக்கும்.

பீனிக்ஸ்_அக்கா: ரெண்டாவது பிரச்சனை, அந்த அணைக்கிற ஃபேட், காமா சரி பண்ணாததால (எண்ணை கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மாத்துற கணக்கு). எல்இடி 50 சதவீதத்துல எரிஞ்சாலும் கண்ணுக்கு பாதின்னு தெரியாது, நல்லா பிரைட்டாத்தான் தெரியும். கன்ட்ரோலர்ல (லைட்டை ஓட்டுற பெட்டி) காமா 2.2 வச்சுப் பாரு, ஆனா 8 பிட்டுல (0லேர்ந்து 255 வரைக்கும்தான் அளவு) 15க்கு கீழ உள்ளதெல்லாம் 0 ஆயிடும், அதனால ஃபேட் வால் கொஞ்சம் சீக்கிரமே அறுந்துடும், 1.8னா பரவால்ல. எக்ஸ்லைட்ஸ்லயும் போட்டு கன்ட்ரோலர்லயும் போட்டுடாத, ரெண்டு தடவை இருட்டாயிடும்.

டர்பன்_தம்பி: நன்றிக்கா, ராத்திரி பார்க்குறேன். மெதுவான ஃபேட் படிபடியா குதிக்குதே, அது?

கோவில்_லைட்காரர்: சீக்வென்ஸ்ல டைமிங் (ஒரு படிக்கு ஆகுற நேரம்) 50 மில்லிசெகண்டா? ரெண்டு செகண்ட் ஃபேடுக்கு 40 படிதான். 25க்கு மாத்து, 80 ஆகும். கரண்ட் கட் இல்லாத நாளா பார்த்து டெஸ்ட் பண்ணு :)