டை அடிப்பவர்கள் சொல்லுங்கள்: எந்தச் சாயம், முடியில் எப்படி நின்றது?

பள்ளி ஆசிரியை, திருச்சி

எங்கள் அப்பா நாற்பது வயதிலிருந்து டை அடிக்கிறார். மளிகைக் கடையில் சரமாகத் தொங்குமே, அந்தப் பாக்கெட் பவுடர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழிந்த பனியனைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீசைக்கும் சேர்த்துத் தடவிக்கொள்வார். வருஷக்கணக்காக ஒன்றும் ஆனதில்லை. போன தீபாவளிக்கு முன்னால் அடித்தபோது மறுநாள் காதோரம் அரிப்பு. அதற்கு அடுத்த நாள் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கிவிட்டது.

தோல் மருத்துவர் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அதில் இருக்கும் பாரா-பீனைலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி, அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். "இத்தனை வருஷம் இதைத்தானே போட்டேன்?" என்று அப்பா கேட்டார். பல வருஷம் பழகிய பிறகும் உடம்பு ஒரு கட்டத்தில் அந்தப் பொருளை எதிர்க்க ஆரம்பிக்கலாம், ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

அப்பாவுக்கு நரையோடு வெளியே போக மனம் வரவில்லை. அதைத் தவறு என்று நான் நினைக்கவும் இல்லை. கடையில் போய்க் கேட்டால் அமோனியா இல்லாதது, மூலிகை, ஹென்னா, ஹெர்பல் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். எதற்கும் எதற்கும் என்ன வித்தியாசம்? போட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

அழகு நிலையம் நடத்துபவர், கோவை

டீச்சர், அப்பா இப்போது நலம்தானே? அட்டையில் போட்டிருக்கும் பெயரை விடுங்கள். சாயம் முடியில் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்று கேளுங்கள். அது தெரிந்தால் எத்தனை நாள் நிற்கும், எவ்வளவு சேதம் செய்யும் என்று நீங்களே சொல்லிவிடலாம். என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொரு முடிக்கும் வெளியே ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். அது கியூட்டிகிள். அதற்கு உள்ளே கார்டெக்ஸ். நம் இயற்கையான கருப்புக்குக் காரணமான மெலனின் இருப்பது அங்கேதான். நரைத்த முடியில் அது கிட்டத்தட்ட இல்லை.

வகிட்டில் தெரியும் வெள்ளையை மறைக்க ஸ்பிரே, பென்சில் விற்கிறார்கள் பாருங்கள், அவை செதிலுக்கு மேலேயே படிந்து நிற்கும். ஒரு தடவை ஷாம்பு போட்டால் போய்விடும். நன்றாக வியர்த்தாலே காலரில் ஒட்டும். அடுத்தது செமி பெர்மனென்ட். செதிலைத் தூக்கும் அமோனியா கிடையாது, நிறத்தை வெளுக்கும் பெராக்சைடும் கிடையாது. ஏற்கெனவே நிறமாக இருக்கும் சின்ன மூலக்கூறுகள் செதிலுக்கு அடியில் நுழைந்து உட்காரும், அதனால் அலச அலச வெளியே வந்துவிடும். ஆறேழு அலசலுக்குப் பிறகு மங்கத் தொடங்கும். இருக்கிற நிறத்தை வெளுக்க வைக்க இதனால் முடியாது. நரையை முழுக்க மூடாது, சற்றே நிறம் ஏற்றும். டெமி பெர்மனென்ட் என்பதில் குறைந்த அளவு பெராக்சைடு உண்டு, 20 அலசலுக்கு மேல் தாங்கும். தலையில் நரை பாதிக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மங்கும்போது படிப்படியாக மங்குவதால், வளர்ந்து வரும் வேரில் கோடு கிழித்த மாதிரி வெள்ளை தெரியாது.

பெர்மனென்ட் கதையே வேறு. டப்பாவில் இரண்டு டியூப் இருக்கும். கலர் கிரீமில் இருக்கும் அமோனியா முடியை உப்ப வைத்துச் செதிலைத் தூக்கும். டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு வேலை செய்யும். மெலனினைக் கொஞ்சம் வெளுக்கும். கூடவே, உள்ளே நுழைந்த பிபிடி போன்ற நிறமில்லாத சின்ன மூலக்கூறுகளை ரெசார்சினால் மாதிரியான பொருள்களோடு சேர்த்துப் பெரிய நிற மூலக்கூறாக்கும். உள்ளே போனபோது சின்னதாக இருந்தது, வெளியே வர முடியாத அளவுக்குப் பெருத்துவிடுகிறது. நிரந்தரம் என்பதன் ரகசியம் இதுதான். பெட்டியில் 30, 35 நிமிஷம் என்று போட்டிருப்பதும் இந்தச் சேர்க்கை நடந்து முடியத்தான். சீக்கிரம் கழுவினால் நிறம் சரியாக உருவாகாது. கலந்து மீந்ததை மூடிபோட்ட பாட்டிலில் எடுத்து வைக்கவே கூடாது. வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.

டெவலப்பரில் 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மூட 20 போதும். சீக்கிரம் ஏறட்டும் என்று 40 கேட்பவர்கள் உண்டு, வேரில் நான் அதைத் தொட மாட்டேன். டப்பாவில் 4.6 மாதிரி எண் இருக்கும். புள்ளிக்கு முன்னால் இருப்பது எவ்வளவு கருமை என்பது (1 கருப்பு, எண் கூடக் கூட வெளிர்), பின்னால் இருப்பது சாயல். நிறைய நரை இருக்கும் தலையில் சிவப்புச் சாயலை மட்டும் போட்டால் நரை பளீரென்று சிவந்து நிற்கும். அதே எண்ணின் இயற்கை நிறத்தையும் சேர்த்துக் கலந்தால்தான் ஒரே சீராக வரும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமோனியா இல்லாதது என்றால் பெரும்பாலும் அதற்குப் பதில் எத்தனாலமைன் இருக்கும். மூக்கில் நெடி ஏறாது, அவ்வளவுதான். பிபிடி அதிலும் இருக்கலாம். அப்பா போட்ட பவுடர் பாக்கெட்டிலும் பிபிடியும் பெராக்சைடைத் தரும் உப்பும் காய்ந்த நிலையில் சேர்ந்திருக்கும், அதனால்தான் வெறும் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது.

செவிலியர், சென்னை

நான் தோல் நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வீக்கத்தோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் பலருக்கு மீசையில்தான் முதலில் தெரியும். ஒவ்வாமை உடனே வெளிப்படாது. அடித்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் கிளம்பும். அதனால்தான் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். தடவி அரை மணி நேரத்தில் "ஒன்றும் செய்யவில்லை" என்று முடிவு கட்டினால் அந்தச் சோதனைக்குப் பயனே இல்லை. போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதும் கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும்.

டீச்சர், உங்கள் அப்பா வீட்டில் இந்தச் சோதனையைக்கூடச் செய்ய வேண்டாம். ஒருமுறை முகம் வீங்கியவருக்கு மறுபடி அந்தப் பொருள் படும்போது இன்னும் கடுமையாக வரலாம். எது எது சேராது என்று மருத்துவமனையில் முதுகில் ஒட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். பிபிடி சேராதவர்களில் சிலருக்கு மரத்துப்போக வைக்கும் பென்சோகைன் களிம்பும், துணிகளில் போடும் சில சாயங்களும் சேராது. எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் கருப்பு மருதாணி என்று குழந்தைகள் கையில் வரைகிறார்கள். மருதாணி இலை கருப்பாகப் பற்றாது. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆனால் அதில் பிபிடி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கையில் கொப்புளம் வந்த பிள்ளைகள் வளர்ந்து முதல் தடவை டை அடிக்கும்போது முகம் வீங்கி வருகிறார்கள். தயவுசெய்து குழந்தைகளுக்குப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு நல்ல மருதாணியும் வேண்டாம், இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம்.

அவுரி பயிரிடும் குடும்பம், திண்டிவனம் பக்கம்

எங்கள் பக்கத்தில் அவுரி பழைய பயிர். அந்தக் காலத்தில் தொட்டியில் ஊறவைத்து, கலக்கி அடித்து, துணிக்கு நீலம் எடுத்தார்கள். இப்போது இலையை நிழலில் காயவைத்துத் தலைக்குப் பொடியாகவும் போகிறது. டீச்சர் அப்பாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா செய்யும் முறையை எழுதுகிறேன்.

முதலில் மருதாணி. இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறப்பொருள் முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நரையை ஆரஞ்சாக்கும். இரும்புச் சட்டியில் தேயிலை டிகாக்ஷனோடு இரவு ஊறவைத்தால் இன்னும் கொஞ்சம் கருக்கும். அலசிய பிறகு அவுரி. நரையில் அவுரியை மட்டும் போட்டால் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும், மருதாணியின் ஆரஞ்சு மேல் அந்த நீலம் ஏறினால்தான் கருப்பு.

அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கால் மணி நேரம் விட வேண்டும், மேலே நீலப் படலம் கட்டும். அப்போதே தடவிவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். எலுமிச்சை சேர்க்கக் கூடாது. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பற்றாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டு வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அன்றைக்குக் கொஞ்சம் பச்சையடித்தாலும் பயப்பட வேண்டாம். காற்றுப் படப் பட அடுத்த ஒன்றிரண்டு நாளில் கருத்துவிடும், அதுவரை ஷாம்பு போடாதீர்கள். வேலை அதிகம்தான். எங்கள் அம்மா அதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை.

வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள். மருதாணி என்றால் மருதாணி மட்டும், அவுரி என்றால் அவுரி மட்டும். மருதாணி மட்டுமே என்று சொல்லிவிட்டுக் கருப்பாக்குகிற எதையும் நம்பாதீர்கள்.

கல்லூரி மாணவி, பெங்களூரு

எனக்கு நரை இல்லை, நீலம் ஆசை. கருப்பு முடியில் நேராக நீலம் போட்டால் வெயிலில்கூடத் தெரியாது. முதலில் பிளீச் செய்து மெலனினை எடுக்க வேண்டும். கருப்பு சிவந்து, ஆரஞ்சாகி, மஞ்சளாகும். வெளிர் மஞ்சள் வரை போனால்தான் நீலம் நீலமாக வரும், மஞ்சள் மிச்சமிருந்தால் பச்சைதான். நான் நுனிக்கு மட்டும் போட்டேன். முதல் சில வாரம் அவ்வளவு அழகு! அப்புறம் ஒவ்வொரு குளியலுக்கும் வெளிறியது, விடுதியில் போர்வெல் தண்ணீர் வேறு. குளிர்ந்த தண்ணீரில் அலசினால் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நுனி சொரசொரவென்று ஆகிவிட்டது, அதை வெட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்தேதான் நுனியில் போட்டேன்.

கோவை அக்கா, என் அம்மா பல வருஷமாக ஏதோ ஹென்னா பாக்கெட் போடுகிறார். இப்போது பார்லரில் பிரவுன் ஹைலைட் கேட்கிறார். செய்யலாமா?

அழகு நிலையம் நடத்துபவர், கோவை

தங்கச்சி, அந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வேண்டாம். சில கலப்பு ஹென்னாவில் உலோக உப்பு இருக்கும், அது முடியிலேயே தங்கிவிடும். அதன்மேல் பெராக்சைடு பட்டால் சூடேறும். ஒரு கல்யாணப் பெண் இதே மாதிரி ஹைலைட் கேட்டு வந்தாள். பின்கழுத்தில் ஒரு சின்ன இழையை வெட்டி, டெவலப்பர் கலவையில் போட்டுப் பார்த்தேன். சில நிமிஷத்தில் கிண்ணமே சுட்டது, முடி பஞ்சாகப் பிய்ந்தது. தலையில் தொடவே இல்லை. கல்யாணத்துக்குப் பூ அலங்காரத்தோடு அனுப்பினேன், போட்டோவில் அவ்வளவு அழகாக இருந்தாள்.

அம்மாவுக்கும் அந்த இழைச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். சூடோ, நிற மாற்றமோ, பிசுபிசுப்போ வந்தால் அந்த முடி வளர்ந்து வெட்டுப்படும் வரை பெராக்சைடு பக்கம் போகக் கூடாது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும், நீளமான முடி என்றால் வருஷக் கணக்காகும். சுத்தமான மருதாணி மட்டும்தான் போட்டிருக்கிறார் என்றால் பிளீச் செய்யலாம், ஆனால் ஆரஞ்சு பிடிவாதமாக நிற்கும், பிரவுன் கொஞ்சம் செம்பட்டையாகத்தான் வரும். அதற்கு அம்மா சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.