பேப்பரில் கான்ட்ராக்டர், நடப்பில் ஊழியர்: பாக்கி கேட்கும்போது எது நிற்கும்?

கான்ட்ராக்டர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஊழியருக்கான பாக்கியை எப்படிக் கேட்பது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பல நாடுகளில் ஒப்பந்தத்தில் போட்ட பெயரைவிட நடப்பைத்தான் பார்ப்பார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டுப் பரிந்துரை (எண் 198) சொல்வதும் அதுதான். நடப்பு என்றால், வேலை நேரத்தை வைத்தது யார், ரேட்டை முடிவு செய்தது யார், உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியுமா? ‘மாற்று ஆள் அனுப்பலாம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சும்மா கிடக்கும். ஒருமுறையாவது யாரையாவது அனுப்பவிட்டார்களா என்று பாருங்கள்.

*

ஆதாரத்தில் எல்லோரும் மறப்பது, சம்பளத்துக்காகக் கம்பெனிக்கு நீங்கள் போட்ட பில்லின் எண். ஒரே கம்பெனிக்கு 1 முதல் 36 வரை இடையில் ஒரு எண்கூட விடுபடாமல் போயிருந்தால், வேறு வாடிக்கையாளர் இல்லை என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. பில் மாதிரியை அக்கவுண்ட்ஸ் பிரிவே அனுப்பிய மெயில் இருந்தால் இன்னும் பலம். ஷிப்ட் பட்டியல், ‘நாளைக்கு லீவு வேணும்’, ‘சரி, எடுத்துக்கோங்க’ என்ற இரண்டு வரி வாட்ஸ்அப், இவையும் வேண்டும். பாக்கி கேட்டு உங்கள் நோட்டீஸ் போகும் முன்பே எடுத்து வையுங்கள். போன அன்றே லாகின் முடங்கிவிடும். கம்பெனியின் வாடிக்கையாளர் தகவலை மட்டும் தொடாதீர்கள், அது தனி வழக்காகும்.

*

எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது உங்கள் வரிக் கணக்கை. சுயதொழில் என்று காட்டிச் செலவு கழித்திருந்தால் அதற்குப் பதில் தயாராக வேண்டும்.

மொத்தமாக ஒரு தொகை கேட்டால் எடுபடாது. தேதி, வேலை செய்த மணி, வரவேண்டியது, வந்தது, குறைவு என்று வரிவரியாகப் போடுங்கள். ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், ஓய்வுக்கால நிதி ஒவ்வொன்றும் தனித் தாளில். ‘ரேட்டிலேயே விடுப்பும் அடக்கம்’ என்பார்கள். பில்லில் அப்படிப் பிரித்துக் காட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். காலக்கெடு பெரும்பாலும் ஒவ்வொரு சம்பள நாளிலிருந்தும் தனித்தனியாக ஓடும், தள்ளிப்போட்டால் பழைய மாதங்கள்தான் முதலில் கழியும். கடைசிச் செக்கோடு வரும் ‘பாக்கி ஏதுமில்லை’ தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

*

ஒன்று விட்டுப்போயிற்று. ஜெயித்தாலும் எல்லாம் கிடைத்துவிடாது. பிரிட்டனில் 2021-இல் ஊபர் ஓட்டுநர்கள் உச்ச நீதிமன்றத்தில் வென்றது சுயதொழில் செய்பவருக்கும் முழு ஊழியருக்கும் நடுவிலான ‘தொழிலாளி’ (worker) என்ற இடைநிலைத் தகுதியை. குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் அதில் உண்டு. நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு அங்கே முழு ஊழியருக்குத்தான். எந்த உரிமை எந்தத் தகுதிக்கு என்று பார்த்துவிட்டு மனுவை எழுதுங்கள்.