கிளச் பிடிச்சும் வண்டி ஊருது: ஹைட்ரோலிக் கிளச்சோடை பட்ட பாடுகள்

நெல்லியடி:
250 சிசி எண்டியூரோ (காட்டுப்பாதை மோட்டார்சைக்கிள்), டொட் 4 எண்ட பிரேக் ஒயிலிலை ஓடுற ஹைட்ரோலிக் கிளச். மணற்காட்டு மணல்மேட்டிலை பத்து நிமிசம் அரைக் கிளச்சிலை ஏறினாப் பிறகு லீவரை ஹாண்டிலோடை ஒட்டப் பிடிச்சும் வண்டி முன்னாலை ஊருது. நியூட்ரல் விழாது. எஞ்சினை நிப்பாட்டினால் உடனை விழும். பிளேட் போச்சுது எண்டு கவரிலை கை வைக்கிற நேரத்திலை லீவரை நாலு தரம் கெதியாப் பம்ப் பண்ணிப் பாத்தால், நாலாவது பிடியிலை ஊருறது நிண்டுட்டுது. பம்ப் பண்ணச் சரிவருது எண்டால் குறை பிளேட்டிலை இல்லை, ஒயில் போற லைனிலைதான். ஈரம் குடிச்ச ஒயில் கொதிச்சிருக்கும். புது டொட் 4க்குக் கொதிநிலை குறைஞ்சது 230 பாகை, தண்ணி சேர்ந்தால் 155 வரைக்கும் இறங்கலாம்.

லைனைக் கீழையிருந்து மேலை அடிச்சுக் காத்து எடுத்தது. இரண்டு கிழமையாலை திரும்ப அதே ஊரல். காத்து எங்காலை போகுது எண்டதுதான் இன்னும் விளங்கேல்லை.

மானிப்பாய்:
கொதிச்சது எண்ட கதை பிழை. சிலேவ் சிலிண்டர் (எஞ்சின் பக்கம் கிளச்சைத் தள்ளுறது) 155க்குப் போற அளவு எஞ்சின் சூடெண்டால் ரேடியேட்டர் மூடி அதுக்கு முதலே தண்ணியைத் தள்ளியிருக்கும். உள்ளுக்கை முதலே கொஞ்சம் காத்து இருந்திருக்கு, சூட்டுக்கு அது விரிஞ்சிருக்கு. கிளச் மாஸ்ரரின்ரை (லீவரடியிலை ஒயிலைத் தள்ளுற சிலிண்டர்) ஒரு பிடிக்கு நகருற ஒயில் சொற்பம். அதிலை ஒரு சின்னக் குமிழி அமுங்கினாலே பிறஷர் பிளேட் தூக்குறது குறைஞ்சுபோம்.

இன்னொரு வண்டி வந்தது, மட்டம் குறையக் குறைய ஒயிலை ஊத்தி ஊத்தி ஓடினது. கிளச் பிளேட் தேயத் தேய மட்டம் ஏறும், குறையாது. பிளேட் அடுக்கு மெலிய தள்ளுகம்பி சிலேவ் பிஸ்டனை உள்ளை தள்ளும், ஒயில் மேலை வரும். பிரேக்குக்கு நேர் எதிர். ஆகவே மட்டம் இறங்கினால் ஒழுக்கு, வேறை கதையில்லை. முன் ஸ்புரொக்கெட் கவரைக் கழட்டின உடனை செயின் கிறீசோடை கலந்து கறுத்த கூழ் ஒண்டு. சிலேவ் சீல். கவரைக் கழட்டாமல் ஆயிரம் தரம் காத்து எடுத்தும் பிரயோசனமில்லை.

சாவகச்சேரி:
இரண்டு பேரும் லைனோடையே நிக்கிறியள். நல்லாக் காத்து எடுத்தும் ஊரின வண்டி ஒண்டு இருக்கு. பிளேட்டுகளைத் தூக்கி வெளியிலை எடுக்கேக்கை பிளேட்டுகள் அடுக்கியிருக்கிற கிளச் கூடையின்ரை விரலிலை படிக்கட்டு மாதிரி வெட்டு, நகம் போய் நிக்குது. பிளேட்டின்ரை காது அந்த வெட்டுக்கை மாட்டினால் சிலேவ் எவ்வளவு தள்ளினாலும் பிரியாது. நைஸ் அரத்தாலை இரண்டு பக்கமும் ஒரே அளவாத் தேய்க்கலாம், ஆனால் மேலாலை மட்டும். வெட்டு அரை மில்லிமீற்றரைத் தாண்டினால் கூடையை மாத்துங்கோ. தேய்ச்சுத் தேய்ச்சு விரல் மெலிஞ்சால் உடைஞ்சு எஞ்சினுக்கை போம்.

உருக்குப் பிளேட்டைக் கண்ணாடித் துண்டிலை வைச்சு 0.10 மில்லிமீற்றர் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கோ. உள்ளை போனால் நெளிவு. சரியான எல்லை அந்தந்த வண்டியின்ரை புத்தகத்திலை இருக்கும். நீலம் பாரிச்ச பிளேட்டை வைச்சு இரக்கப்படாதேங்கோ. புது ஃபிறிக்ஷன் பிளேட்டை எஞ்சின் ஒயிலிலை ஒரு இரவு ஊற விடோணும். உலர்ந்தபடி பூட்டினால் எரியலாம். ஒயில் போத்தலிலை ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 எண்ட மோட்டார்சைக்கிள் ஒயில் தரக்குறி இருக்கோணும். காருக்கு விடுற ஒயில் வேண்டாம், கிளச் வழுக்கும். எம்6 ஸ்பிறிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, புத்தகத்திலை வேறை சொல்லாட்டில் 10 நியூட்டன் மீற்றர். கவர் கஸ்கெற்றுக்கு மேலை சிலிக்கோன் பூச வேண்டாம், பிஞ்சு போற துண்டு ஒயில் வழியை அடைக்கும்.

இன்னொண்டு, லீவர் சரிபாக்கிற திருகை இறுக்கினால் ஊரல் குறையும் எண்டு கனபேர் திருப்புவினம். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் மாஸ்ரருக்கை இருக்கிற சின்னத் துவாரம் திறக்காது. ஒயில் சூட்டுக்கு விரிய இடமில்லாமல் கிளச் வழுக்கத் தொடங்கும். ஊரலை விரட்டி வழுக்கலைக் கூப்பிட்ட கதை. நுனியிலை சில மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கட்டும்.

வல்வெட்டித்துறை:
மகுரா கொம்பனியின்ரை மாஸ்ரர். மூடியிலை மினரல் ஒயில் எண்டு எழுதிக் கிடக்கு. ஆரோ பிரேக் ஒயிலை ஊத்தியிருக்கினம். லீவரை விட்டால் அது பாதியிலை நிக்கும். கழட்டின சீல் ஊதி, விரலாலை நசிக்க மா மாதிரிப் பிசுபிசுத்தது. மாஸ்ரர், சிலேவ் இரண்டுக்கும் சீல் கிட் மாத்தி, லைனைக் கழுவின பிறகுதான் விட்டுது. மூடியை வாசிச்சிட்டு ஊத்துங்கோ.

கொக்குவில்:
லீவரை இரவு முழுக்க றப்பர் பாண்டாலை கட்டி விட்டால் விடிய இறுக்கமா வரும்.

மானிப்பாய்:
கட்டி வைச்சிருக்கேக்கை அந்தத் துவாரம் மூடித்தான் கிடக்கும். விடிய அவிழ்க்கேக்கைதான் குமிழி மேலை வரும். அதுவும் வந்தால் பாதி. ஒழுங்கா எடுக்கிறதெண்டால், பார்மசியிலை 50 மில்லி சிரிஞ்சும் தெளிவான ரியூப்பும் வாங்குங்கோ. மாஸ்ரர் மட்டமா நிக்க ஹாண்டிலைத் திருப்பி, பழைய ஒயிலை முக்கால்வாசி உறிஞ்சி எடுங்கோ. ரியூப்புக்கை காத்து இல்லாமல் நிரப்பி, சிலேவிலை காத்து எடுக்கிற நிப்பிளிலை மாட்டி, அரைச் சுத்துத் திறந்து மெல்ல அமத்துங்கோ. அந்த நேரம் லீவரைத் தொடவே கூடாது, தொட்டால் மேல்வழி அடைபடும். மேலை குமிழி நிண்டு தெளிஞ்ச ஒயில் வந்தால், அமத்தினபடியே நிப்பிளை மூடுங்கோ.

அடங்காத குமிழிக்கு, சிலேவைக் கழட்டி பிஸ்டனைப் பெருவிரலாலை மெல்ல உள்ளை தள்ளலாம். சிலேவ் வெளியிலை இருக்கேக்கை லீவரைப் பிடிச்சால் பிஸ்டன் பாய்ஞ்சு வரும், கவனம். டொட் 4 பெயின்ரிலை சிந்தினால் உடனை தண்ணி ஊத்துங்கோ.

நெல்லியடித் தம்பிக்கு: மணலிலை வண்டி விழுந்து தலைகீழாக் கிடந்ததோ? அப்பிடியெண்டால் மூடிக்குக் கீழை இருக்கிற றப்பர் டயபிரத்தை விரிச்சுப் பாருங்கோ, அது வெடிச்சிருந்தால் அதாலை காத்து ஒயிலுக்கை போம்.

நெல்லியடி:
பாத்தாச்சு அண்ணை. மடிப்பிலை மயிரளவு வெடிப்பு, இழுத்தால்தான் தெரியுது.