பனை ஏறுவது ஆண், பதநீர் காய்ச்சுவது பெண்: உடம்புதான் காரணமா?

திசையன்விளைக்காரி:
எங்க சித்தப்பா நேற்று ஒரே பேச்சு. ஆதியில் ஆண் வேட்டைக்குப் போனானாம், பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு கிழங்கு தோண்டினாளாம், அதனால்தான் நம்ம ஊரிலும் ஆண் பனை ஏறுகிறான், பெண் பதநீர் காய்ச்சுகிறாளாம். எல்லாம் உடம்பிலேயே இருக்கிறது என்கிறார். மானுடவியல் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நிஜமா?

கொக்கிரகுளம்:
1966இல் சிகாகோவில் நடந்த ஒரு கருத்தரங்கோடு பரவிய கதை இது. வேடிக்கை என்னவென்றால், அங்கேயே மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ, ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களின் சாப்பாட்டில் பெரும்பகுதி கொட்டையும் கிழங்கும்தான், அதையும் பெரும்பாலும் பெண்கள்தான் கொண்டுவருகிறார்கள் என்று கணக்கு காட்டினார். பிலிப்பைன்ஸில் அக்டா பழங்குடிப் பெண்கள் வில்லும் நாயுமாகக் காட்டுப்பன்றி வேட்டைக்கே போனதுண்டு. பெரு நாட்டில் ஈட்டி முனைகளோடு புதைத்த 9,000 வருடப் பழைய எலும்புக்கூடு ஒன்று, பல்லில் இருந்த புரதத்தைச் சோதித்துப் பார்த்தால் 17, 19 வயசுக்குள் ஒரு பெண். 2020இல் வெளிவந்த செய்தி.

ஏரல் அண்ணாச்சி:
தம்பி, ஒரு எலும்புக்கூட்டை வைத்து உலகத்தையே மாற்றாதீர்கள். பெரிய மிருக வேட்டை பெரும்பாலான இடங்களில் ஆண் கையில்தான். கால் வலுவில் இடைவெளி குறைவுதான், ஆனால் தோள், கை வலு என்று வந்தால் சராசரியில் பெண்ணுக்கு ஆணில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எங்க அப்பா பனை ஏறினவர், சாகிற வரை நெஞ்சில் காய்ப்பு இருந்தது.

உடன்குடி:
அண்ணாச்சி, ஏறுவதற்குக் கை வலு என்றால் ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சுவதற்கு எந்த உறுப்பு? மானுடவியலாளர் ஜூடித் பிரவுன் 1970இல் சொன்னது, பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஆபத்தில்லாமல், பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கக்கூடிய வேலைதான் பெண்களிடம் வரும் என்று. கருப்பட்டிச் சட்டி முன்னால் நின்றவர்களைக் கேளுங்கள். பதம் வருகிற நேரத்தில் துடுப்பை விட்டால் அடிப்பிடித்து அன்றைய பாடு அத்தனையும் போச்சு, மேலே தெறித்தால் தோல் உரியும். எங்கம்மா தொட்டிலை எட்டக் கட்டிவிட்டு, பிள்ளை அழ அழக் கிண்டினவள். பீடி சுற்றவும் இப்படித்தான், பொம்பளைக்கு விரல் மெலிசு என்பார்கள். நகைப்பட்டறையில் ஆசாரிமார் என்ன கடப்பாரையா பிடிக்கிறார்கள்?

திசையன்விளைக்காரி:
துடுப்பு விஷயத்தைச் சித்தப்பாவிடம் கேட்டேன். "அது பழக்கம்ளா" என்றார். சரி, பழக்கம் என்றால் இவ்வளவு நேரம் உடம்பு உடம்பு என்று என்னத்துக்குச் சொன்னாராம்.